சீட்டை விட்டு எழாதவர்

அக்கா போன் செய்தபோது தம்பி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அவன்.

"ஷெட்ல கெடக்கே, அந்தப் புல்வெட்டுற வண்டி, அத ஓட வைக்கணும்டா. பள்ளிக்கூட மைதானத்துல புல் வெட்டுற காண்ட்ராக்ட் என் கைக்கு வந்திருக்கு. தள்ளுற மெஷின வச்சுக்கிட்டு என்னால மாரடிக்க முடியாது. தோள்பட்டை கழண்டு விழுது."

"வேற வண்டி பாக்கலாமேக்கா."

"ஏன், இதுக்கு என்ன?"

இதற்கு என்ன என்பது இருவருக்குமே தெரியும். லீவு நாளில் வருகிறேன் என்று சொல்லி அவன் போனை வைத்தான்.

யாரோ ஓட்டிக் கழித்த வண்டியைத்தான் அக்காவின் கணவர், அவனுடைய மாமா, வாங்கியிருந்தார். ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு லீவர். சேர்த்துத் தள்ளினால் நேரே போகும். ஒன்றை மட்டும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றும். போன வருஷம் ஒரு மதியம், வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. கீழே விழவில்லை. சாய்ந்த உடம்பின் பாரத்தில் ஒரு லீவர் அழுந்திக்கொள்ள, வண்டி அவரைச் சுமந்தபடி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே போயிருந்த அக்கா திரும்பி வந்தபோது புல் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். மண்தூசி அடைத்து, சூடேறி, இன்ஜின் ஜாம் ஆகி நின்றிருந்தது. மாமா அப்போதும் சீட்டில்தான் இருந்தார்.

லீவு நாளாகப் பார்த்து, புது இன்ஜினை வேனில் ஏற்றிக்கொண்டு தம்பி வந்து சேர்ந்தான். பழையதைக் கழற்றுவதில் கஷ்டமில்லை. புதியதுதான் முரண்டு பிடித்தது. போல்ட் துளைகள் பொருந்தின, ஆனால் சைலன்சர் பின்பக்கக் கம்பியில் இடித்தது. கம்பியை அறுத்து, வளைத்து, வெல்டு வைத்தான். பெல்ட்டை மாற்றினான். பிளேடுகளைச் சாணை பிடிக்கக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு சீட்டை ஒரு கையால் முன்பக்கம் மடக்கி, அதன் கீழிருந்த சுவிட்சைத் துடைத்தான். ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று வண்டிக்குச் சொல்வது அதுதான். பிளேடைச் சுற்றவிட்டு ஆள் எழுந்தால் அந்த நொடியே இன்ஜின் அணைந்துவிட வேண்டும். கை கால் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

அடியில் படுத்து, பிளேடைச் சுழற்றும் கிளட்ச்சை முடுக்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் சீட் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ ஏறி உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

"அக்கா, ஏறாத. நான் அடியில இருக்கேன்."

பதில் சமையலறையிலிருந்து வந்தது. "என்னடா கேட்ட?"

வெளியே வந்து பார்த்தான். சீட் காலியாக இருந்தது. துருப்பிடித்த ஸ்பிரிங் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான்.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் இன்ஜின் பிடித்தது. முதல் முயற்சியிலேயே, இருமல்கூட இல்லாமல். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பிளேடு பட்டனை இழுத்துவிட்டு, சோதித்துப் பார்க்கச் சீட்டை விட்டு எழுந்தான்.

இன்ஜின் நிற்கவில்லை.

சாவியைத் திருப்பி அணைத்தான். ஒயரைப் பார்த்தான், மீட்டர் வைத்துப் பார்த்தான். காலி சீட்டில் ஆள் இருப்பதாகவே காட்டியது. பழைய சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, வேனிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வந்தான். மாற்றுவதற்காகச் சீட்டைப் பிடித்துத் தூக்கினான்.

தூக்க முடியவில்லை.

காலையில் ஒரு கையால் மடக்கிய சீட். இப்போது இரண்டு கையாலும் நெம்பினான். நெஞ்சு அடைக்கிற மாதிரி முக்கினான். விரல் கனம்கூட அசையவில்லை. பூட்டு இல்லை, மாட்டிக்கொள்ள வேறொன்றும் இல்லை. பாரம், அவ்வளவுதான். ஆள் பாரம். மெத்தையின் நடுவே அழுந்தியிருந்த பள்ளத்தை அப்போதுதான் பார்த்தான். தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

பின்வாங்கியவன் டூல் பெட்டியில் இடறி விழுந்தான். ஸ்பேனர்கள் சிதறின. சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள்.

"அடிபட்டுச்சா? ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா. நீ உள்ள போ."

"மூஞ்சியப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி தெரியலையே. சொல்லுடா."

அவன் சீட்டைக் காட்டினான். அக்கா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவன் தடுக்கும் முன்பே, கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். உட்கார ஆளில்லாமல் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகவே கூடாது. ஆனது. பட்டனை இழுத்தாள். அடியில் கிளட்ச் சுழன்றது. வெளிப்பக்கமாக விரித்து வைத்திருந்த இடதுபக்க லீவர், தொடுவாரில்லாமல், ஓட்டுகிற நிலைக்கு மெல்ல உள்ளே வந்தது.

"அக்கா, தள்ளி வா!"

அவள் தள்ளி வரவில்லை. சாப்பாட்டு வேளைக்கு வராத மனுஷனிடம் பேசுவது போலத்தான் பேசினாள்.

"போதுங்க. எவ்ளோ நேரந்தான் அதுலயே உக்காந்திருப்பீங்க? எந்திரிங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு சுத்து பாக்கி இருக்குன்னு சொல்லாதீங்க. ஒரு பாக்கியும் இல்ல. எல்லாம் வெட்டியாச்சு." அவள் குரல் உடைந்தது. "நாந்தான் வெட்டுனேன், ஒத்தையா. இனிமேயும் நாந்தான் வெட்டணும். எனக்கு உக்கார எடம் விடுங்க."

ஸ்பிரிங் கிறீச்சிட்டது. மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக உப்பி மேலே வந்தது. அந்த நொடியில் இன்ஜின் அணைந்தது.

தம்பி கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றிருந்தான். அது அவனுக்கே தெரியாது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிளேட மாட்டு. பொழுது போறதுக்குள்ள ஓட்டிப் பாக்கணும்" என்றாள்.

அவன் புது சுவிட்சையும் பிளேடுகளையும் மாட்டிக் கொடுக்க, அன்றைக்கே ஓட்டினாள். தடுமாறி வேலியில் மோதப் பார்த்து, பிறகு கை படிந்து, நேர்கோடாக வெட்டினாள். அடுத்த வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினாள். மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் இரண்டு இடங்கள் கிடைத்தன. தோள்வலியும் குறைந்தது.

ஆயில் மாற்றுவதற்குத் தம்பி மறுபடி வந்தான். வேலை முடிகிறவரை அந்தச் சீட்டில் அவன் உட்காரவில்லை. நின்றபடியே எட்டி எட்டி எல்லாவற்றையும் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டே, மனதில் கிடந்ததைக் கேட்டும்விட்டான்.

"அதுக்கப்புறம் ஏதாவது தொந்தரவு உண்டாக்கா?"

"ஒண்ணுமில்ல."

"அப்போ நிம்மதி."

அக்கா சீட்டைக் கையால் தடவினாள். "அன்னிக்கு அவரு இங்க இருந்தாருடா. இருந்தவர நானே எழுப்பி அனுப்பிட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இப்பல்லாம் எறங்கும்போது பிளேட அணைக்கிறதில்ல. ஓடவிட்டே எந்திரிக்கிறேன். ஒரு தடவையாவது நிக்காம ஓடாதான்னு."

"அக்கா, அது ஆபத்துக்கா. கால் போயிடும்."

"எங்க போகுது? நான் எந்திரிச்ச ஒடனே பட்டுனு நின்னுடுதே."

அவன் குனிந்து ஸ்பேனர்களைப் பெட்டியில் போட்டான். "சுவிட்ச் நல்லா வேலை செய்யுதுக்கா" என்றான்.

"ஆமாடா," என்றாள் அக்கா. "நல்லாத்தான் மாட்டியிருக்க."