நேராக நின்ற வெள்ளைக்கோடு

எஃபி பிளேடை பக்கிளுக்கு அடியில் கொடுத்து இழுத்தாள். பழைய தையல் பட்பட்டென்று அறுந்தது. கொல்லைக் கொட்டகையில் அவள் கணவன் மர்டோ பேக்பைப் வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவளுக்குப் பயமில்லை. நின்றதோ, அவன் இடுப்பில் சுற்றிக் கட்டும் இந்தக் கட்டம்போட்ட கில்ட் அலமாரிக்குள் போயாக வேண்டும்.

போர்ட்ரீ ஊர் மைதானத்தில் இன்று விளையாட்டு விழா, பைப் பேண்டுப் போட்டியும் உண்டு. பேண்டுக்கு முன்னால் நடக்கப்போகிறவன் மர்டோ. கல்யாணத்தன்று கட்டிய அதே கில்ட்டைத்தான் இன்றும் கட்டுவான். வாரை எப்போதும் நடு ஓட்டையில்தான் மாட்டுவான். அந்த ஓட்டையைத் தாண்டி வார் உள்ளே போனால், உடம்பு எவ்வளவு கரைந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மற்ற நாளில் போடும் கால்சட்டை தோள்வாரில் தொங்குவது. அது இடுப்பைக் காட்டிக்கொடுக்காது. கில்ட் ஒன்றுதான் சாட்சி. பக்கிளைப் பின்னால் தள்ளித் தைத்துவிட்டால் நடு ஓட்டையே பொருந்தும். சாட்சியைக் கலைக்கத்தான் இந்த பிளேடும் ஊசியும்.

மர்டோவுக்கு வயிற்றில் கட்டி, இனி கத்தி வைத்துப் பயனில்லை என்று டாக்டர் மெக்கின்னன் குளிர்காலத்திலேயே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இந்த மாதிரி வியாதியை நோயாளியிடம் சொல்லாமல் வீட்டுக்காரியிடம் சொல்வதுதான் அப்போதெல்லாம் வழக்கம். மர்டோவுக்குத் தெரியவே கூடாது என்று அழுத்திச் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி, வெறும் புண்தானாம், பாலும் கஞ்சியும் சாப்பிட்டால் ஆறிவிடுமாம் என்று அவள் சொன்னாள். மர்டோ தலையாட்டிவிட்டுக் கஞ்சியில் இன்னும் கொஞ்சம் க்ரீம் ஊற்றச் சொன்னான். முப்பது வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய். அன்றிலிருந்து தேவாலயத்தில் தலைநிமிர்ந்து பாட அவளால் முடியவில்லை.

வலது இடுப்பின் பக்கிள்களைப் பின்பக்கம் நகர்த்தித் தைத்து முடித்தாள். இந்தத் தடவை இடது பக்கத்தை மறக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் முன்துணி முழுக்கத் திரும்பி, நடுவில் இறங்கும் வெள்ளைக்கோடு தொடைக்கு ஓடிவிடும். ஈஸ்டருக்கு அவசரத்தில் அந்தத் தப்பைத்தான் செய்திருந்தாள். தேவாலயத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. அவன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பின் முன்னால் தொங்கும் தோல்பைக்கு நேர் கீழே கோடு ஈர்க்குச்சிபோல் நேராக நின்றது. எப்படித் தப்பித்தோம் என்று யோசிக்கவில்லை. கடவுளுக்கு நன்றி சொன்னாள். பொய்க்குத் துணை வந்ததற்கு நன்றி சொல்கிறோமே என்று உடனே கூசினாள்.

பைப் பாதியில் இழுத்து நின்றது. எஃபி கில்ட்டை வாரி எடுத்தாள். கொட்டகையில் மூச்சு வாங்கும் சத்தம், இருமல், மறுபடி பைப். முன்பெல்லாம் ஒரு மெட்டை முடிக்காமல் விட்டவனில்லை அவன்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பேண்டில் டிரம் அடிக்கும் டூகி வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"மாப்பிள்ளை அலங்காரம் இன்னும் முடியலையா? நாம போறதுக்குள்ள பிராட்ஃபோர்டு பேண்டுக்காரன் கப்பை வாங்கிட்டு ஊரு போய்ச் சேந்துருவான்."

பித்தான் அறுந்துவிட்டது, வேனிலேயே காத்திரு என்று அவனைச் சமாளித்தாள். கில்ட்டில் ஏது பித்தான்? நல்லவேளை, டூகிக்கு அவ்வளவு யோசிக்க வராது. இன்னொரு பொய்யும் கணக்கில் ஏறியது.

இடது பக்க உள்துணியைத் திருப்பினாள். பிளேடு பக்கிளுக்குக் கீழே போனது, அறுபடவில்லை. இன்னும் அழுத்தினாள். நூல் வழுக்கியது. குனிந்து பார்த்தாள்.

அது அவள் தைக்கும் கறுப்பு நூல் இல்லை. தடித்த மஞ்சள் நூல். மெழுகு பூசியது. பைப்பின் குழல் பொருத்துகளில் காற்று கசியாமல் இருக்க மர்டோ சுற்றும் நூல். வீடு முழுக்க நாற்காலியிலும் கம்பளியிலும் ஒட்டிக்கொண்டு அவள் உயிரை வாங்கும் அதே நூல். ஆண்பிள்ளைத் தையல், ஏறுக்குமாறாக. அதற்குப் பக்கத்திலேயே பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பக்கிளை யாரோ நகர்த்தியிருந்தார்கள்.

கொட்டகையில் எப்போது சத்தம் நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது மர்டோ கதவில் சாய்ந்து நின்றான். பிளேடைப் பார்த்தான், கில்ட்டைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"இது உன் நூலு," என்றாள்.

"ஆமா. ஈஸ்டருக்கு நீ வலது பக்கத்த மட்டும் இழுத்துட்ட. கோடு கோணலாப் போச்சு, கெளம்புறதுக்குள்ள நானே இடதையும் நகத்தித் தச்சுட்டேன். பேண்டுக்கு முன்னால நிக்கிறவன் கோணலா நிக்க முடியுமா?"

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

எஃபி பிளேடைக் கீழே வைத்தாள். "உனக்குப் புண்ணுன்னு சொன்னது பொய்யி, மர்டோ. டாக்டர்தான் சொல்லக் கூடாதுன்னாரு. நான் உன்ன ஏமாத்திட்டேன். தினம் தினம் ஏமாத்துனேன்."

"நீ ஏமாத்தல," என்றான் அவன். விரல்களில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். வெளியே மறுபடி ஹாரன்.

"மெக்கின்னன் மொதல்ல எங்கிட்டதான் சொன்னாரு, எஃபி. உன் மொகத்தப் பாத்து அதச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. 'அவளுக்கு நீங்க சொல்லுங்க, எனக்கு மட்டும் தெரியாதுன்னு சொல்லிருங்க'ன்னு அவர அனுப்புனதே நான்தான்."