படிக்கட்டுக்கு வந்தவர்கள்

மூன்றாவது மாடிக்கு ஏறும் படிகளில் நடுவாக ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூட்டோடு எழுந்தேன். கீழே யாரோ செருப்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், முதல் மாடிக்குப் பார்சல் கொண்டு வந்தவர். மறுபடி உட்கார்ந்து போனைத் திறந்தேன். நேற்று மாலை வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட அறிவிப்பின் கீழே ‘வரேன்’, ‘வரேன் அக்கா’, ‘கண்டிப்பா’, கட்டைவிரல், இதயம், கை ஆட்டும் பூனை என்று நீளமாக ஓடியது. அந்தப் பூனையாவது வந்திருக்கலாம். மணி ஒன்பதரை ஆகிவிட்டது. பத்து மணிக்கு வீட்டு ஓனரின் ஏஜென்ட், பூட்டு மாற்றுகிற ஆளோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மேலே கதவைப் பாதி திறந்து வேன்காரி தலையை நீட்டினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அவளும் அவள் அப்பாவும் இருக்கிற வீடுதான் இது. ஓனர் வீட்டை விற்கப் போகிறார், வாங்குகிறவர் காலியாகக் கேட்கிறார். திங்கட்கிழமை அவளுடைய மனு விசாரணைக்கு வருகிறது. அதுவரை உள்ளே இருந்தால் வழக்கு நிற்கும், சாமானோடு வெளியே வந்துவிட்டால் விசாரிக்க ஒன்றுமே இருக்காது என்று வக்கீல் அடித்துச் சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை.

“பாத்திரத்த மட்டுமாவது கட்டி வச்சுக்கவாக்கா? கடைசி நேரத்துல தூக்கிப் போட்டாங்கன்னா உடைஞ்சிடும்.”

“கட்டாத. ஒரு டப்பா கட்டி வச்சிருந்தாலும், அவளே காலி பண்ணிட்டு இருந்தான்னு சொல்லிடுவாங்க. ஆள் வரும்.”

உள்ளேயிருந்து அவள் அப்பா குரல் கொடுத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை. “என்னை எறக்கணும்னா கிரேன் கொண்டாரச் சொல்லும்மா. அதையும் நான்தான் ஓட்டணும்.” வேன்காரி சிரிக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். போன வாரமே எங்கேயாவது போய்விடலாம் என்று கிளம்பியவளை, நான் இருக்கிறேன், குழு இருக்கிறது என்று பிடித்து நிறுத்தியது நான்தான். நம்பி நிற்கிறாள்.

குழுவுக்குப் பெயர் ‘படிக்கட்டு’. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கட்டடத்தில், நிறைமாத கர்ப்பிணி ஒருத்தியை வெளியே போடப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் ஏழெட்டுப் பேர் படிக்கு ஒருத்தராக உட்கார்ந்தோம். யாரும் கோஷம் போடவில்லை, கை ஓங்கவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கிற படிக்கட்டில் பீரோவை இறக்க முடியாது, கண்டுபிடிப்பு அவ்வளவுதான். அன்று சாயங்காலமே குழு தொடங்கினோம். எத்தனையோ வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தோம். ஓனர்களும் வேறு பெயரில் குழுவுக்குள் நுழைந்து வேவு பார்த்ததால், என்ன விஷயம் என்று எப்போதும் எழுத மாட்டோம். விலாசம், நேரம், ‘ஆள் தேவை’. அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது.

இப்போது அந்தக் குழுவைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா, சோபா விற்பனைக்கு, சின்னக் கிழிசல். அந்தக் கிழிசல் சின்னதா பெரிதா என்று இரண்டு நாள் சண்டை. வேவு பார்க்க வந்த ஓனர்கள் சொந்தப் பெயரிலேயே ‘வீடு வாடகைக்கு’ என்று விளம்பரம் போடுகிறார்கள், நம் ஆட்கள் நன்றி சொல்கிறார்கள். குழுவை நடத்துகிற இன்னொருவர், பெயருக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழப் படம் வைத்திருப்பதால் எல்லாருக்கும் எலுமிச்சை, ‘இங்கே அரசியல் வேண்டாம், ஒருவருக்கொருவர் உதவியாக இருப்போம்’ என்று விதி கொண்டுவந்தபோது நான் மட்டும் தொண்டை கிழியக் கத்தினேன். ஓட்டெடுப்பு வைத்தார்கள், மண்ணைக் கவ்வினேன். எலுமிச்சையை நான் நேரில் பார்த்ததில்லை. காலேஜ் முடித்த கையோடு உலகத்துக்குப் புத்தி சொல்லக் கிளம்பிய ஏதோ ஒரு பெண் என்று மனதுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று மீசைக்குப் போன் போட்டேன். அந்த முதல் நாள் முதல் படியில் உட்கார்ந்தவர். இரண்டு வருஷம் முன்னால், குழு சந்தைக்கடையாகிவிட்டது என்று பெரிய கடுதாசி எழுதிவிட்டு வெளியேறிவிட்டார்.

“அது செத்து எவ்ளோ நாளாச்சு,” என்றார். “நீதான் பக்கத்துல உக்காந்து விசிறிக்கிட்டு இருக்க.”

“சரி, செத்ததாவே இருக்கட்டும். நீங்க வருவீங்களா அண்ணே?”

“நாளைக்கு ஒரு கூட்டத்துல பேசறதா ஒத்துக்கிட்டேனே.”

“என்ன தலைப்பு?”

“போராட்டக் குழுக்களோட சீரழிவு,” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. நல்லா பேசுங்க என்று வைத்துவிட்டேன்.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெருவில் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம். ஒன்றல்ல, நாலைந்து. பேச்சுக்குரல்கள், சிரிப்பு, நிறையக் கால்கள் படியேறும் ஓசை. எழுந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியதை மறைக்கவில்லை. மீசை இருந்திருக்க வேண்டும், முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன், செத்ததா இதென்று. திருப்பத்தில் முதல் தலை தெரிந்தது. கூடவே அவர் கையில் மடித்து அடுக்கிய அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. அடுத்தவள் தோளில் கயிறு, அதற்கடுத்தவர் கையில் பழைய போர்வைகள். எல்லாரும் கையுறை மாட்டியிருந்தார்கள்.

“எந்த மாடி அக்கா? பீரோ ஒண்ணா ரெண்டா?” என்றார் முன்னால் வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாரம் தூக்குகிறவர்கள் கட்டும் பெல்ட்டை இடுப்பில் இறுக்கியிருந்தார். தொப்பை அதற்கு மேலும் கீழும் பிதுங்கியது. “நான்தான் எலுமிச்சை.”

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. கொஞ்ச காலமாகக் குழுவில் இவர்கள் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுக்கிறார்கள். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. அதற்கும் விலாசம், நேரம், ஆள் தேவை என்றுதான் போடுகிறார்கள். எங்களுடைய பழைய அறிவிப்பைப் பார்த்துத்தான் அப்படியே பழகியிருக்க வேண்டும். அவற்றையெல்லாம் சோபாக் கணக்கில் சேர்த்துக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். நேற்று நான் போட்டதைப் பார்த்து, பாவம், யாருக்கோ வீடு மாற்றணும் என்று இத்தனை பேர் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கிறார்கள். காலி பண்ண வைக்க அந்த ஓனரால்கூட இப்படி ஒரு பட்டாளத்தைத் திரட்டியிருக்க முடியாது.

கதவு திறந்தது. வேன்காரி பெட்டிகளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“நீங்களே ஏற்பாடு பண்ணிட்டீங்களாக்கா,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “சொல்லியிருந்தா ராத்திரியே கட்டி வச்சிருப்பேனே.”

அவள் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து இன்னொரு குரல் ஏறி வந்தது. ஏஜென்ட்தான். கூட்டத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். “பரவால்லையே, நீங்களே ஆள் வச்சுக் கெளம்பிட்டீங்க. இப்படி இருந்தா யாருக்குமே சங்கடமில்ல பாருங்க.” சாமான் தூக்கிப் பழகியவர்கள் வழக்கப்படி சுவரோரம் ஒண்டி அவருக்கு வழிவிட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே ஏறினார். அவருக்கு வெகு பின்னால், வாசல் பக்கத்திலேயே பூட்டுக்காரர் தயங்கி நின்றார்.

“யாரும் காலி பண்ணல,” என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். “இவங்க எங்கயும் போகல. திங்கட்கிழமை கேஸ் இருக்கு. அதுக்குள்ள வெளிய தள்ளப் பாக்கறாங்க. உள்ள அவங்கப்பா எழுந்திரிக்க முடியாம படுத்திருக்காரு. நான் சாமான் தூக்கக் கூப்பிடல உங்கள. தூக்க விடாம உக்காரத்தான் கூப்பிட்டேன். படிக்கு ஒருத்தர். அவ்ளோதான்.”

போர்வைக்காரர், “குழுவுல அரசியல் வேணாம்னுதானே இருக்கு?” என்றார், யாரிடம் என்றில்லாமல். இன்னொருவர் எனக்கு வேலைக்கு நேரமாச்சு என்று முணுமுணுத்துவிட்டுத் தன் பெட்டிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே மேலும் இரண்டு பேர். ஏஜென்ட் நான் நின்ற படிக்கு இரண்டு படி கீழே வந்துவிட்டார். “அம்மா, கொஞ்சம் வழி விடுங்க.”

நான் உட்கார்ந்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டேன். எலுமிச்சை என்னைத் தாண்டி வேன்காரியைப் பார்த்தார்.

“அப்பாவுக்கு என்னம்மா?”

“இடுப்பு எலும்பு. கட்டில்லதான் எல்லாமே.”

“திங்கட்கிழமைக்குள்ள போறதுக்கு வேற எடம் இருக்கா?”

“இல்லண்ணே.”

அவர் ஏஜென்ட்டின் முதுகைப் பார்த்தார். யோசிப்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. இந்த மனிதர்தான் அந்த விதியை எழுதியவர் என்று எனக்கு ஞாபகம் வந்து, எந்தத் திட்டும் வாயில் வராமல் காத்திருந்தேன். கையிலிருந்த பெட்டிகளைச் சுவரில் சாய்த்தார். இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, ஏஜென்ட்டுக்கு அடுத்த கீழ்ப்படியில், கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே நிறைந்து உட்கார்ந்தார். ஏஜென்ட் திரும்பிப் பார்த்தார். மேலேயும் போக வழியில்லை, கீழேயும் இறங்க வழியில்லை.

“எவ்ளோ நேரம் உக்காரணும்?” என்று என்னிடம் கேட்டார் எலுமிச்சை.

“திங்கட்கிழமை காலை வரைக்கும். மாத்தி மாத்தி.”

“சார், இது உங்களுக்குத் தேவையில்லாத வேலை,” என்றார் ஏஜென்ட். எலுமிச்சை போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். “நான்தாம்மா. சாப்பாட்டுக்கு வர மாட்டேன். இல்ல, பீரோ இன்னும் எறங்கல... எறங்காதுன்னுதான் நெனைக்கிறேன்.”

போர்வைக்காரர் ஒரு போர்வையை மடித்துத் தன் படியில் போட்டார், சிமெண்டு குளிரும் என்பது போல. அதன்மேல் உட்கார்ந்து யார் முகத்தையும் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார். அவருக்குக் கீழே இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், மேலே என்ன நடக்கிறதென்று தெரியாத பூட்டுக்காரர், “வழி விட்டதும் கூப்பிடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்து வாசல் படியிலேயே உட்கார்ந்தார். நடுவில் ஒரு படியில் மட்டும், தோளில் கயிறு சுற்றியிருந்த பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில். கயிற்றைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.