மகள் கண்ணுக்குத் தெரியாத நிப்றாஸ்

2005 ஜனவரி ஒன்பதாம் திகதி சவூதியிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்து இறங்கிய நிப்றாஸ், அவருடைய நாலரை வயது மகள் பஸ்மினாவின் கண்ணுக்குத் தெரியவில்லை. அடையாளம் பிடிபடவில்லை என்பதல்ல, ஆளே தெரியவில்லை. ஊரில் மற்ற எல்லாருக்கும் தெரிந்தார், தெரு நாய்களுக்கும் தெரிந்தார். பிள்ளை மட்டும், நீலப் பயணப்பெட்டி ஒன்று ஒழுங்கையில் தானாக மிதந்து வருவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. வெளியூரார் இதைப் பலவிதமாகத் திரித்துக் கதைப்பதால், பிள்ளையின் தாய்க்குடியாகிய எங்கள் பக்கத்துச் செய்தியை உள்ளபடி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைக்கு நாற்பது நாளானபோது புறப்பட்டுப் போனவர் அவர். ஒரு விடுமுறைக்கும் வரவில்லை. வருவதற்குப் பதிலாகப் பால்மாவும் கம்பளியும் பேசும் பொம்மையும் அனுப்பினார். அதைப் பொறுப்பான தகப்பனின் இலட்சணம் என்று நாங்களே மற்ற மருமக்களுக்கு எடுத்துக்காட்டினோம். பஸ்மினாவுக்கு வாப்பா என்பது தொலைபேசிக்குள் வசிக்கும் ஒரு குரல். அவர் வருவதற்கு முந்திய டிசம்பரில் கடல் வந்து வீட்டையும் தாய் றம்லாவையும் கொண்டுபோனது. அன்று காலை றம்லாவின் தங்கை சுபைறாவின் வீட்டில் நின்றதால் பிள்ளை தப்பியது. அந்த வீட்டு முற்றத்தில் நின்று நிப்றாஸ் "மகள்" என்று கூப்பிட்டபோது பிள்ளை ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தது.

"வாப்பா, எப்ப வாறீங்க?"

"வந்துட்டன் மகள். பின்னால நிக்கிறன்."

பிள்ளை திரும்பிப் பார்த்தது. "பொய்" என்று சொல்லி வைத்துவிட்டது.

எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். வீடு மனைவியுடையது, பிள்ளைகள் மனைவியின் குடி. மனைவி மௌத்தாகி மறைந்தால் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் சகோதரியின் வீட்டுக்குப் போவான். மரியாதையான காலம் கழிந்ததும் வேறொரு வீடு அவனை மாப்பிள்ளையாக அழைக்கும். கடலில் மனைவியை இழந்த மூன்று பேர் அடுத்த நோன்புக்கு முன்பே புது வீடுகளில் புதுச் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. நிப்றாஸின் பெட்டியையும் சுபைறா ஒழுங்காக அடுக்கி வாசலில் வைத்தார். அவர் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார்.

குடித் தலைவர் மீராமுகைதீன் மரைக்கார், றம்லாவின் மாமா, ஆளனுப்பிக் கூப்பிட்டார். தம்முடைய ஒன்பது பிள்ளைகளில் ஒன்றைக்கூடத் தூக்கியதில்லை என்பதில் பெருமை உள்ளவர். அந்த ஒன்பது பேருக்கும் அவர் தெரிகிறாரா என்று எவரும் சோதித்ததில்லை.

"மருமகன், புள்ள எங்கட குடிப் புள்ள. விசா முடிய முந்திப் போங்க. கண்ணுக்குத் தெரியாத மனிசன் இஞ்ச நிண்டு என்ன செய்யப் போறீங்க?"

"தெரியிற வரைக்கும் நிப்பன் மாமா. புள்ளய விட்டுட்டுப் போக ஏலா."

அந்த நாட்களில் பாலம், வீதி, காணித் தகராறு எல்லாவற்றையும் யுத்தம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது வழக்கம். பெரியவர்கள் பிள்ளையின் விடயத்தையும் அதே வாக்கில் தள்ளிவைத்தார்கள். யுத்தம் முடியும் என்று அவர்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

முதலில் வைத்தியங்கள் நடந்தன. பிள்ளைக்கு நூல் கட்டினார்கள், நிப்றாஸுக்கு மினுங்கும் சட்டை போட்டுப் பார்த்தார்கள், அத்தர் பூசினார்கள். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது. பிறகு சுபைறாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு கிழமையில், பேன் நிறைந்த பிள்ளையின் தலையை வாரும் வேலை நிப்றாஸின் மேல் விழுந்தது. எங்கள் குடி பெண் கொடுத்த ஒரு மனிதர், பட்டப்பகலில், வீதியால் போகிறவர்கள் பார்க்க, பேன்சீப்போடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு வெள்ளிக்கிழமை அந்த வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் பள்ளிக்குப் போனோம். தலை வாரத் தொடங்கிய மூன்றாம் நாள் பிள்ளை தொலைபேசியை எடுத்தது.

"வாப்பா, இஞ்ச ரெண்டு கை இரிக்கி. நல்ல கை. பின்னல்தான் கோணல்."

"அது என்ட கைதான் மகள்" என்றது குரல், அவளுடைய தலைக்கு மேலிருந்து. பஸ்மினா கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை வைத்தாள். அவரோடு கதைக்க அதை மறுபடி எடுக்கவில்லை.

அதன்பின் மற்றவை தவணை முறையில் வந்தன. பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போன வருடம் கால்கள் முழங்கால் வரை தெரிந்தன. சின்னமுத்து அம்மை கண்டு பிள்ளை ஒரு கிழமை மடியிலேயே கிடந்தபோது மடியும் வயிறும் வந்தன. அவர் நாவிதன்வெளியில் அறுவடைக்குப் போய் இருபது நாள் தங்கியதில் முழங்கைகள் மங்கிவிட்டன. திரும்பி வந்து, இடியப்பம் பிழியப் பழகி, அவற்றை மீட்டார். சவூதி விசா தானாகக் காலாவதியானது. 2009 ஆகியும் கழுத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏன் என்று டாக்குத்தருக்கும் தெரியாது, மௌலவிக்கும் தெரியாது.

அந்த மே மாதம் யுத்தம் முடிந்துவிட்டது. சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டிய சங்கடத்தில் பெரியவர்கள் பதினொரு பேர் சுபைறாவின் வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். பிள்ளை எங்கே இருப்பது என்று அன்று முடிவாக வேண்டும். வாசலோரம் நின்ற நிப்றாஸின் நெற்றி வியர்த்திருந்தது. அதை மகளைத் தவிர எல்லாரும் பார்த்தோம்.

"மகள், ஒங்கட வாப்பா தெரியிறாரா?" என்று மரைக்கார் கேட்டார்.

"ஓம். கழுத்து வரைக்கும் தெரியிது."

"தல?"

"இல்ல."

மரைக்கார் சபையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்கதானே? தலையில்லாத மனிசன நம்பிப் பொம்புளப் புள்ளயக் குடுக்க ஏலுமா?"

பஸ்மினா பதினொரு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். "ஒங்க எல்லாருக்கும் தல இரிக்கி அப்பா. ஒருத்தருக்கும் கை இல்லியே" என்று பாட்டன் முறையான மரைக்காரிடம் சொன்னாள்.

சிலர் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள். சுபைறா கொண்டுவந்த தேநீரை வாங்க ஒரு கையும் நீளவில்லை. அது அப்படியே ஆறியது. பிள்ளை தகப்பனோடு இருக்கட்டும் என்று மரைக்கார் வாயால் மட்டும் சொன்னார். அன்று அஸர் தொழுகைக்கு வுளூச் செய்தபோது மணிக்கட்டு வரை மூன்று தடவை கழுவ வேண்டிய கைகளை அவர் ஏழு தடவை கழுவினார் என்று பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தின் சொன்னார்.

நிப்றாஸின் தலை பஸ்மினாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால் ஒரு வேலையும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் பள்ளிக்குப் புறப்படும்போது, அவருடைய தொப்பியை எடுத்து, குதிக்கால் உயர்த்தி, காற்றில் சரியான உயரத்தில் வைக்கிறாள். ஒரு தடவையும் கீழே விழுந்ததில்லை.