இரண்டும் இடது கால்

வண்டி கடைசி வளைவைத் தாண்டியதும் ரபஹாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷமா பயமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அஸ்ரு நகரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் அவள், வீடு வீடாய்க் கெஞ்சிக் கூத்தாடிப் பணம் திரட்டி நூற்றறுபது ஜோடி புது பூட்ஸ் வாங்கியிருந்தாள். தேவதாருக் காட்டுக்குள் ஓடைக்கு இந்தப் பக்கம் மேல் ஊர், அவள் பிறந்த இடம். அந்தப் பக்கம் கீழ் ஊர், அவள் தங்கை இத்தோ வாழப்போன இடம்.

மூன்று வருஷமாக இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேய்ச்சல் நிலத்துக்காக வந்த வினை. அந்தத் தகராறில் இத்தோவின் புருஷன் பஸ்ஸு, ரபஹாவின் அண்ணன் ஹத்துவின் முன்பல்லை உடைத்துவிட்டான். அன்றிலிருந்து ஓடையை ஒருவரும் தாண்டுவதில்லை. ஹத்துவின் தங்கை என்பதால் ரபஹாவையும் கீழ் ஊரில் விடமாட்டார்கள். இத்தோவின் பெண்ணுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. பெரியம்மாக்காரி இன்னும் அதன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

போன வருஷம் இரண்டு ஊரையும் ஒரே இடத்தில் நிறுத்தி மாவு கொடுக்கப் போய் அடிதடியாகிவிட்டது. அதனால் இந்த முறை ஊருக்கு ஒரு வண்டி. பெட்டிகளைக் கட்டியவள் ரபஹா. அங்கேதான் அவள் கைவரிசையைக் காட்டினாள். மேல் ஊர் வண்டியில் அத்தனையும் இடது கால், கீழ் ஊர் வண்டியில் அத்தனையும் வலது.

"அக்கா, அடி விழுந்தா நான் வண்டியை எடுத்துக்கிட்டு ஓடிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றான் டிரைவர் மிமூன்.

மேல் ஊரில் வண்டி நின்று ஆளுக்கொரு பொட்டலம் கைமாறியதும், முதலில் பிரித்தவன் ஹத்து.

"அடியே ரபஹா! என்னடி இது, ரெண்டும் இடது கால்? நான் என்ன ரெண்டு இடது காலோடயா பொறந்தேன்?"

ஊரே கொல்லென்று சிரித்தது. தங்கள் பூட்ஸைப் பார்த்ததும் சிரிப்பு நின்று கூச்சல் கிளம்பியது.

"கத்தாதீங்க! வலது கால் எல்லாம் கீழ் ஊர்ல இருக்கு. அவங்க கையிலயும் ரெண்டு ரெண்டு. ஒண்ணைக் கொடுத்து ஒண்ணை வாங்கிக்கோங்க!"

கையில் இருந்த பூட்ஸை எல்லாரும் மெல்லக் கீழே வைத்தார்கள். அந்தக் காட்டில் செருப்பு மாற்றிக்கொள்வது விளையாட்டுக் காரியம் இல்லை. பகைத்த குலத்தார் அந்தக் காலத்தில் அப்படித்தான் உறவானார்கள். மாற்றிக்கொண்டவன் மேல் அப்புறம் கை ஓங்கக்கூடாது, அவன் கேட்டதற்கு இல்லை என்று சொல்லக்கூடாது.

"திட்டம் போட்டுப் பண்ணியிருக்கா, பாதகத்தி!" என்றான் ஹத்து.

"ஆமா, பண்ணினேன்! இப்ப என்னங்கிற? வானத்தைப் பாரு, சாயங்காலத்துக்குள்ள பனி கொட்டப்போகுது. பிள்ளைங்க இந்த வருஷமும் கால்ல சாக்கைச் சுத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகட்டுமா?"

பெண்கள்தான் முதலில் நகர்ந்தார்கள். ஓடைக்குப் போனால், அக்கரையில் தங்கள் வண்டிக்காரன் சொல்லி வந்த கீழ் ஊர் மொத்தமும் இரண்டிரண்டு வலது பூட்ஸோடு முறைத்துக்கொண்டு நின்றது.

"முப்பத்தெட்டு வலது யார்கிட்ட இருக்கு?" என்று இங்கிருந்து ஒருத்தி கத்தினாள்.

"என்கிட்ட! முதல்ல நீ வீசு!"

அவ்வளவுதான்! கரைக்குக் கரை பூட்ஸ் பறந்தது. சந்தைக் கூச்சல் தோற்றது போங்கள். பிடிக்கத் தெரியாதவனைக் கேலி செய்து இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. ரபஹாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். நாற்பத்தாறாம் நம்பர் கால் அந்தக் காட்டிலேயே இரண்டு பேருக்குத்தான். இங்கே ஹத்து, அங்கே பஸ்ஸு.

"வெறுங்காலோடயே சாவேன்" என்றான் ஹத்து.

"நான் மட்டும் கெஞ்சுவேனா?" என்றான் பஸ்ஸு.

இவர்கள் இருவரும் மசியாவிட்டால் இத்தோ அக்கரை, ரபஹா இக்கரை. போட்ட கூத்தெல்லாம் வீண்.

ஹத்து ஆத்திரத்தில் ஒரு பூட்ஸை ஓங்கி விட்டெறிந்தான். அது நடு ஓடையில் விழுந்து மிதந்தது. பஸ்ஸு யோசிக்கவேயில்லை. தொபுக்கென்று குதித்து, முழங்கால் தண்ணீரில் ஓடி அதைப் பிடித்துவிட்டான்.

"கொழுப்பாடா உனக்கு? புது பூட்ஸ்டா!" என்று தண்ணீரில் நின்றபடியே கத்தினான்.

பல் கிடுகிடுக்க அவன் நின்ற கோலத்தை ஹத்து ஒரு கணம் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

"ஏறி வா மச்சான். விறைச்சுப் போயிடுவே."

இக்கரையில் ஏறியதும் பஸ்ஸு தன் கழுத்தில் தொங்கிய வலது பூட்ஸ் ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தான். "பல்லையும் திருப்பிக் கேட்காதே. அது என்கிட்ட இல்ல."

ஹத்து பல் போன ஓட்டை தெரியச் சிரித்துவிட்டான்.

இத்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தே விட்டாள். ரபஹா குழந்தையை வாங்கினாள். பழக்க தோஷம், அதன் பாதத்தை உள்ளங்கையில் வைத்து அளந்தாள். இருபத்திரண்டு. நூற்றறுபது ஜோடியில் மிகச் சின்னதே இருபத்தாறு.

"எல்லா சைஸும் கொண்டாந்தேன்டி. உன் பொண்ணு சைஸ் மட்டும் எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று உடைந்து அழுதாள்.

"இதுக்கு எதுக்குடி அழறே? பனி விட்டதும் நானே இவளைத் தூக்கிட்டு உன் கடைக்கு வர்றேன்" என்ற ஹத்து, குழந்தையை வாங்கி, பஸ்ஸு கொடுத்த பூட்ஸுக்குள் நிறுத்தினான். இரண்டு காலும் அந்த ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிட்டன.