அபோன்யோவின் கோபமும் கமோலோ கரை மீன்களும்

அபோன்யோவுக்குக் கோபம் வந்தால் கமோலோ கரையில் காய்ந்துகொண்டிருக்கும் ஒமேனா மீன்கள் எழுந்து ஏரிக்குத் திரும்பிப் போய்விடும். முதல் முறை இது நடந்தபோது அவளுக்கு மூன்று வயது, ஒமேனா ஒரு டின் நூற்றைம்பது ஷில்லிங், மழை இல்லை. ஒமேனா விரல் நீளம்கூட இல்லாத மீன். காலையில் படகிலிருந்து வாங்கி, மணலில் விரித்த பழைய வலைமேல் பரப்பி, இரண்டு நாள் வெயில் காட்டினால் விற்றுவிடலாம். அந்த இரண்டு நாளுக்குள் குழந்தை தரையில் விழுந்து புரண்டு, தன் கையைத் தானே கடித்துக்கொண்டு வீறிட ஆரம்பித்தால் போச்சு. அரைகுறையாகக் காய்ந்தவை துள்ளிக்கொண்டு முதலில் போகும். நன்றாகக் காய்ந்தவை சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு நிதானமாக நகரும். தலை போனவையும் போகும், என்ன, கொஞ்சம் திசை தவறி. பொரித்த மீன் மட்டும் ஒருநாளும் எழுந்ததில்லை. மீன்வள அதிகாரி ஒருவர் வந்து நேரிலேயே பார்த்தார். அவருடைய படிவத்தில் நஷ்டத்துக்குக் காரணமாகக் காற்று, மழை, பறவை, திருட்டு என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. பேனாவைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தவர், 'காற்று' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டுக் கிளம்பினார்.

எங்களுக்குக் காரணம் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறந்த குழந்தை ஓயாமல் அழுதால் குடும்பத்தில் செத்துப்போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எந்தப் பெயரில் அழுகை நிற்கிறதோ அவரே திரும்பி வந்திருக்கிறார், அதுதான் குழந்தைக்குப் பெயர். இந்தக் குழந்தை மூன்று நாள் அழுதது. அப்பன் ஒதேரோவின் குடும்பத்தில் நல்லவர்கள் என்று பெயரெடுத்த பத்துப் பேரைச் சொல்லியாயிற்று, நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் பதினொன்றாவதாக அபோன்யோ என்றார்கள். பட்டென்று நின்றது. கூடியிருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்துப்போன அபோன்யோ, ஒதேரோவின் சித்தப்பாவுக்கு அத்தை, வரி வசூலிக்க வந்தவனை உகாலிக் களி கிண்டும் கட்டையால் விளாசி, மூன்று புருஷன்மாரை ஒருவர்பின் ஒருவராகத் தள்ளிவைத்த பெண்மணி. அதன்பிறகு குழந்தை தட்டை வீசினாலும் சரி, பள்ளிக்கூடம் போன பன்னிரண்டாம் நாள் டீச்சரின் கட்டைவிரலைக் கடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டாலும் சரி, கிழவி வந்துவிட்டாள் என்பதே பேச்சு. கிழவிக்குச் சாராயம் ஊற்றினார்கள், புகையிலை வைத்தார்கள். புகையிலையை ஒதேரோவின் சித்தப்பா எடுத்துக்கொண்டார். குழந்தையிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அலேகோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தாய் அகூமு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தன் மீன் போனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்தவள் மீன் போகும்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றாள். பெற்றவள்தானே, இரண்டு முறை பொறுமை இழந்து அடித்தும் பார்த்தாள். மீன்கள் இன்னும் வேகமாகப் போனதுதான் மிச்சம்.

குழந்தைக்கு ஆறு வயதானபோது கரைக் கமிட்டித் தலைவர் ராடிங் ஒரு லாரி வாங்கினார். லாரியைவிட அதன்மேல் இருந்த ஒலிபெருக்கி பெரியது. அறுபது மூட்டை ஒமேனா ஏற்றி, பாட்டை அலறவிட்டுக் கிளம்பியபோது அபோன்யோ காதைப் பொத்திக்கொண்டு மணலில் விழுந்தாள். மூட்டைகள் பிரிந்தன. இரண்டு டன் மீன் லாரியிலிருந்து இறங்கி, ராடிங்கின் காலணிமேல் ஏறி, ஏரிக்குள் போயிற்று. ராடிங் அன்றே கமிட்டியைக் கூட்டினார். மாத முடிவுக்குள் குழந்தையை ஏரியே இல்லாத மேட்டுப் பகுதியில் இருக்கும் ஒதேரோவின் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒதேரோ தலையாட்டினான். நல்லவன்தான், கூட்டம் என்றால் தலை தானாக ஆடிவிடும். அகூமு அந்த அத்தை வீட்டை ஒருமுறை பார்த்திருக்கிறாள். அங்கே மூளை சரியில்லாத மகன் ஒருவன் இருந்தான். அவன் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அதை நினைத்து அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் அவள் மகளை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனாள், கடித்துப் புண்ணான கைக்கு மருந்து போட. அங்கே புதிதாக வந்திருந்த நர்ஸ் முத்தேயு ஏரியே பார்த்திராத கிட்டுயி பக்கத்துப் பெண். எங்கள் கிழவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"கிழவி இருக்கட்டும்மா. மீன் எந்திரிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷத்துல என்ன நடந்துச்சு? அதை மட்டும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க."

"மீன் எந்திரிக்குதுன்னா நம்புறீங்களா சிஸ்டர்?"

"மீன் உங்க ஊரு விஷயம். எனக்குப் புள்ளையைப் பத்திச் சொல்லுங்க."

இரண்டு வாரத்தில் அகூமு பதினெட்டு முறை எழுதினாள். மாவு மில் ஓட ஆரம்பித்தது. அலுமினியப் பாத்திரம் விழுந்தது. படகு மோட்டார். மில் மறுபடியும். வழக்கமான வழியில் போகாமல் வேறு வழியில் போனோம். மில். முத்தேயு நோட்டைப் படித்துவிட்டு, பெயர் வைத்த அன்று வீட்டில் என்ன சத்தம் இருந்தது என்று கேட்டாள். அகூமு யோசித்தாள். சித்தப்பா ரேடியோ வைத்திருந்தார். மரண அறிவிப்பு ஒன்றைக்கூட விடாமல் கேட்கிறவர், மூன்று நாளும் தொட்டில் பக்கத்திலேயே உச்சத்தில் அலறவிட்டிருந்தார். பதினொன்றாவது பெயரைச் சொன்ன நேரத்தில்தான் அதன் பேட்டரி தீர்ந்துபோனது. சித்தப்பா ரேடியோவைத் தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருந்தது இப்போது கண்முன் வந்தது.

"ஐயோ சிஸ்டர்," என்றாள் அகூமு, "ஆறு வருஷமா நாங்க ஒரு பேட்டரிக்குச் சாராயம் ஊத்தியிருக்கோம்."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அபோன்யோ பிறந்தபின் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் பயந்துபோனார்கள். முத்தேயு, சத்தத்தைக் குறைத்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது, இது போகப்போகத்தான் சரியாகும், முழுக்கச் சரியாகாமலும் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னாள். எது நடக்கப் போனாலும் முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவிடச் சொன்னாள். அகூமு அப்படியே செய்தாள். இப்போது பாத்திரம் கழுவப் போகிறேன், அப்புறம் மில் ஓடும், அப்புறம் நாம் சாப்பிடுவோம் என்று நாள் முழுவதும் ரயில்வே அறிவிப்பாளர் மாதிரி சொல்லிக்கொண்டே திரிந்தாள். மில்காரனிடம் சண்டை போட்டு, ஓட்டுவதற்குமுன் ஆள் அனுப்பச் செய்தாள். ஆள் வந்ததும் மகளைக் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் கூட்டிப்போய், இடுப்பில் கட்டும் லெசோத் துணியை இறுக்கிச் சுற்றி, மில் ஓய்கிறவரை பேசாமல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதக் கடைசி வாரத்தில் மீன்கள் இரண்டே முறைதான் போயின.

கமிட்டிக் கூட்டம் எடை போடும் கொட்டகையில் நடந்தது. அகூமு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் எழுந்தவர் சித்தப்பா.

"என் அத்தையைப் பேட்டரிங்கறியா நீ?"

"அத்தையை ஒண்ணும் சொல்லல சித்தப்பா. ரேடியோவைத்தான் சொன்னேன்."

"வரிக்காரனை அடிச்ச கை அது! பேட்டரியாம்ல!"

அந்தத் தகராறு முக்கால் மணி நேரம் ஓடியது. ராடிங்குக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து மேஜையில் ஓங்கிக் குத்துவதற்குக் கையைத் தூக்கினார். "இதோ பாரு அலேகோக்காரி," என்று ஆரம்பித்தபோது அவருடைய இடுப்புயரத்தில் ஒரு குரல் கேட்டது. படகுக்கு அடியிலிருந்து எப்போது வந்தாளோ, அபோன்யோ அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கத்தப்போறேன்னா முன்னாடியே சொல்லு."

வெளியே வலைகளின்மேல் எங்கள் எல்லோருடைய மீனும் இருந்தது. ராடிங் தூக்கிய கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"சரி," என்றார். "இப்ப நான் கத்தப்போறேன்."

"ரொம்ப நேரமா, கொஞ்ச நேரமா?"

ராடிங் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கத்தப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுக் கத்துவது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அது இன்றுவரை அடுத்த கூட்டத்தில்தான் இருக்கிறது. ஒலிபெருக்கியை அவர் ஒரு தேவாலயத்துக்கு விற்றார்.

அன்று முதல் கமோலோவில் கத்துகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றானது. சண்டைகள் பாதியாகக் குறைந்தன. சண்டையைத் தவிர வேறு பேச்சே இல்லாதிருந்த இரண்டு தம்பதிகள் பிரிந்துபோனார்கள். அபோன்யோ மறுபடி பள்ளிக்குப் போனாள், நாளுக்கு ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. வருடத்தில் நாலைந்து தடவை மீன் எழுந்து போகத்தான் செய்தது. அதை மழைபோல எடுத்துக்கொள்ளப் பழகினோம்.

அவளுக்கு ஒன்பது வயதான வருடம், ஒரு வியாழக்கிழமை காலை, அகூமு உடைந்துபோனாள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மகள் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, செருப்புப் போட மறுத்தாள், கஞ்சியைத் தட்டிவிட்டாள், அவ்வளவுதான். அகூமு முன்கூட்டி யாரிடமும் சொல்லாமல் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒன்பது வருட அழுகை அது. இந்த முறை தாயின் அழுகைக்கு, அவளுடைய நான்கு வலைகளிலும் இருந்த மீன்கள் எழுந்தன. பெண்கள் பேச்சை நிறுத்தாமல் லெசோவைக் கொஞ்சம் தூக்கி வழி விட்டார்கள். பாதையில் திசை தவறிக் கிடந்த ஒரு மீனை, யாராவது மிதித்துவிடுவார்கள் என்று ராடிங் எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

அபோன்யோ அம்மாவிடம் வந்தாள். தன் லெசோவை அவிழ்த்து அவளைச் சுற்றி இறுக்கிக் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அழுவ," என்றாள். "அப்புறம் மூக்கைச் சிந்துவ. அப்புறம் நாம ரெண்டு பேரும் உகாலி சாப்பிடுவோம்."

அகூமு இன்னும் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் இருவரும் சாப்பிடப் போனார்கள்.