ஷுக்கூர் பாய் மேடையிலிருந்து இறங்கிய மாலை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை வஞ்சத்தில் பிறந்தது. தருமபுரியில் கல்யாண ஊர்வலங்களுக்குக் கிளாரினெட் வாசித்த அப்துல் ஷுக்கூரை ஊரே பார்த்துச் சிரிக்கும்படி ஒரு நையாண்டி நாவல் எழுதுவதென்று 1968-இல் உட்கார்ந்தேன். காரணம் பிறகு வருகிறது. அதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. பதினான்கு அத்தியாயம் எழுதினேன். மிஞ்சியது இவ்வளவுதான்.

நாவலின் முதல் வரி: 'பித்துக்குளிகளில் இரண்டு வகை, ஷுக்கூர் பாய் மூன்றாவது வகை.'

மூன்று வருஷம் அதை நல்ல வரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

சேதி எப்படியோ அவர் மனைவி அமீருன்னிசாவின் காதுக்குப் போய்விட்டது. 1971 ஆடியில் நான் குமாஸ்தாவாக இருந்த தாலுகா ஆபீசுக்கே வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"எங்க வூட்டுக்காரரப் பத்தி எழுதறீங்களாமே சார். படிங்க, கேக்கறேன்."

படித்தேன். பாலக்கோடு பஸ்ஸில் பாய் தனக்கு ஒரு டிக்கெட்டும் கிளாரினெட்டுக்கு ஒரு டிக்கெட்டும் வாங்கி, அதை ஜன்னலோரம் உட்காரவைத்து

(இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவிடவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

"பொய்யிங்க. பெட்டிய மடியில வெச்சுக்குவாரு. கைக்கொழந்தையோட யாராச்சும் ஏறினா எந்திரிச்சுடுவாரு."

அடுத்தது நல்லம்பள்ளிக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். பாய் அப்போதுதான் காம்போதி ராகத்தில் மேலே ஏறியிருக்கிறார். இறங்கி முடிக்காமல் நகர்வதாக இல்லை. கற்பூரம் அணைந்துபோய் மறுபடி ஏற்றுகிறார்கள். மாமனார் கையெடுத்துக் கும்பிடுகிறார். பாய் கண்ணைத் திறந்தால்தானே!

அமீருன்னிசா சிரித்துவிட்டார். "அது நெசம். மூணு தடவ ஏத்துனாங்களாம்."

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஊர் சிரிச்சா சிரிக்கட்டும் சார், பரவால்ல. பாதியில விட்டாருன்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க. அவரு விட்டதில்ல."

3

இனி காரணம்.

அப்போது ஊர்ச் சங்கீத சபையில் நான் துணைச் செயலாளர். சபை என்றால் என்ன நினைத்தீர்கள்? கச்சேரி தொடங்கியதும் தூங்கிவிடும் தலைவர். தாளம் தப்பினாலும் தலையாட்டத் தப்பாத முன்வரிசை. 'ரசிகர்கள் மெய்மறந்தனர்' என்று முந்தின நாளே பத்திரிகைக்குச் செய்தி எழுதிவைக்கும் நான்.

1968 பங்குனியில் ஆண்டு விழா. சென்னையிலிருந்து வரவேண்டிய பாட்டு வித்வானின் கார் கிருஷ்ணகிரிக்கு அப்பால் நின்றுவிட்டதாக போன் வந்தது. செயலாளர் ராஜப்பன் கையைப் பிசைந்தார்.

"மேடை காலியா இருக்கக்கூடாது மாரப்பா. அந்தக் கிளாரினெட் பாயக் கூட்டிட்டு வா. அரை மணி ஓட்டட்டும்."

ஷுக்கூர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ராகம் முடியறதுக்குள்ள அவரு வந்துட்டா?"

"முடிச்சுட்டு எறங்குங்க பாய். நான் பொறுப்பு."

ஆறு மணிக்குக் காம்போதியை எடுத்தார். பக்கத்தில் தவுல்காரர் மாயவன். ஆறே முக்காலுக்குக் கார் வந்து நின்றது. ராஜப்பன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மைக்கை அணைத்தவன் நான்தான்.

(நாவலில் 'மின்சாரம் தடைப்பட்டது' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

அமீருன்னிசா பந்தலின் மூங்கில் தட்டிக்கு வெளியே பெண்களோடு நின்றிருந்தார். வீட்டில் துண்டு துண்டாகக் கேட்டதுதான். கணவர் ஒரு ராகத்தை முழுசாக வாசித்து அவர் கேட்பது அன்றுதான் முதல் தடவை. சத்தம் சட்டென்று சிறுத்ததும் தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தாராம்.

"எந்திரிச்சு வந்துடுவாரோன்னு பயந்தேன் சார். எந்திரிக்கத்தான் செஞ்சாரு. ஆனா வாயில இருந்து கிளாரினெட்ட எடுக்கல."

வாசித்துக்கொண்டே படியிறங்கினார். தெருத்தெருவாக, வெடிச்சத்தத்துக்கு மேலே ஊதிப் பழகிய நெஞ்சு அது, மைக் எதற்கு? முன்வரிசையைத் தாண்டி, தரையில் உட்கார்ந்திருந்த ஜனத்துக்கு நடுவில் போய் நின்றார். பாலக்கோட்டு விவசாயிகளும் சித்தேரியிலிருந்து சந்தைக்கு வந்தவர்களும் விலகி வட்டம் கட்டினார்கள். மாயவன் தவுலைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். முன்வரிசைக்காரர்கள் கேட்கவேண்டுமென்றால் நாற்காலியைத் திருப்பிப் போட்டாக வேண்டும். ஒவ்வொன்றாகத் திரும்பின. தலைவர் விழித்துக்கொண்டார். ராஜப்பனுடைய நாற்காலி மட்டும் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருபது நிமிஷம். நிதானமாகக் கீழே இறங்கி வந்து முடித்தார். கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "வா, போலாம்" என்றார் மனைவியிடம்.

மறுநாளிலிருந்து கடைத்தெருவில் எனக்குப் பெயர் 'மைக் சார்'. நாவல் எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

4

வித்வான் என்ன செய்தார்?

முதல் பிரதியில் ஓடிவந்து பாயைக் கட்டிக்கொண்டு அழுதார். (சினிமா.) இரண்டாவதில் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். (நையாண்டிக்கு வசதிதான். ஆனால் நடக்கவில்லையே.)

நடந்தது இது. கார்க் கதவைப் பிடித்தபடி கடைசிவரை நின்று கேட்டார். பிறகு மேடையேறி இரண்டரை மணி நேரம் பாடினார். பட்டியலில் இருந்த காம்போதியை மட்டும் விட்டுவிட்டார். ஏனென்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

5

1972-இல் நான் செயலாளரானேன். விழாவின் பெரிய கச்சேரி ஷுக்கூருக்கு என்றேன். 'ஊர்வலக்காரனுக்கா?' என்று மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள். செய்யட்டும் என்று அழைப்பிதழோடு பாயின் வீட்டுக்குப் போனேன். அவரோ மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

"தட்டிக்கு வெளிய நிக்க மாட்டோம் சார்," என்றார் அமீருன்னிசா. "முன்வரிசை எங்களுக்கு."

அன்று மாலை அமீருன்னிசாவும் அவர் தெருப் பெண்கள் பதினொரு பேரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் மேடையேறி, "நாலு வருசத்துக்கு முன்னால இவருக்கு வாக்குக் குடுத்துட்டு மைக்க அணைச்சவன் நான்தானுங்க" என்று ஊரறியச் சொன்னேன். அமீருன்னிசா தலையை அசைக்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பாய் மூன்று மணி நேரம் வாசித்தார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அடக்கமே கிடையாது.

முடிந்ததும் பாய் நேராக என்னிடம் வந்து, காதோடு ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. எழுதினேன். அமீருன்னிசாவிடம் படித்துக்காட்டினேன்.

"இத்தன பக்கத்தயும் ஊருக்குக் குடுத்தாச்சு. இது அவரு உங்களுக்குன்னு சொன்னது. இத எதுக்குங்க அச்சுல போடறீங்க?"

அடித்துவிட்டேன். வசவா, மன்னிப்பா, உங்களுக்கு எது பொருத்தமாகப் படுகிறதோ எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்வதாக இல்லை.