ஏழு பனை உயரத்தில் நல்லிணக்கம்

உலக சமய நல்லிணக்க மாநாட்டின் மேடை முதல் நாள் காலை பதினொன்றே காலுக்குத் தரையை விட்டு எழும்பியது. அன்றைக்கு எழும்பிய உயரம் முழங்கால் அளவு. முட்டுக் கொடுத்திருந்த தார் டிரம்கள் கீழேயே நின்றுவிட, பலகை, ஜமுக்காளம், மைக், மூன்று நாற்காலிகள், அவற்றில் மூன்று பெரிய மனிதர்கள் என்று மீதி எல்லாம் மேலே போனது. நடுவில் இருந்தவர் நல்லிணக்கக் குழுத் தலைவர் வேதாசலம், திருப்புலிவனம் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் நெல் போடுகிறவர்; மேடை போட்டிருந்ததும் அவர் வயலை ஒட்டித்தான். வலப்பக்கம் உத்திரமேரூர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா, இடப்பக்கம் வெளியூரிலிருந்து வேனில் வந்திறங்கிய ஒரு பாஸ்டர். வேதாசலத்தின் மனைவி சுலோச்சனா முன்வரிசையில் இருந்தாள். முப்பத்தொரு வருஷம் அவர் பேச்சைக் கேட்டுக் குடித்தனம் நடத்தியவளுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை.

மேடை எழும்பும் விதம் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. அன்பு என்றால் ஒரு சாண், சகோதரத்துவம் என்றால் ஒரு முழம், உலக அமைதி என்றால் ஆள் உயரம். இறங்குவதற்கும் வழி இருந்தது. இரண்டாம் நாள் பிற்பகல் பாஸ்டர் பொறுக்க முடியாமல் ஒண்ணுக்குப் போகணும் என்று சொல்ல, மேடை மளமளவென்று இறங்கியது. போய்விட்டு வந்தவர் நன்றியுரையாக நான்கு வார்த்தை சொன்னார், பழையபடி ஏறியது. உள்ளதைச் சொன்னால் இறங்கும் என்பது மூவருக்கும் தெரிந்துபோனதால், அதன்பிறகு மூவரும் ஜாக்கிரதையாகப் பேசினார்கள். மூன்று நாள் மாநாடு மூன்று மாத மாநாடாயிற்று. சுலோச்சனா கூடையில் சாப்பாடு வைத்துக் கயிற்றில் ஏற்றினாள். வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்து, ஆக்கிரமிப்பு ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

கார்த்திகை மழையில் வஹாப் செத்துப்போனார். பம்பு செட் மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வேதாசலத்தின் மோட்டார் இருபது வருஷமாக அவர் கையால்தான் ஓடியது. முஸ்லிம்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போகும் பாதை வேதாசலத்தின் வரப்பை ஒட்டிப் போகிறது. அந்த இடத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கல் நட்டு, கம்பி இழுத்து, இரும்பு கேட் போட்டுப் பூட்டியிருந்தார். கேட்டதற்கு போர்வெல் பாதுகாப்பு என்றார். அதே மாதம்தான் குழுத் தலைவரும் ஆனார். வெயில் காலத்தில் ஏரிக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். இப்போது ஏரி நிரம்பி வழிந்தது. சடலம் வைத்த சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டின் முன்னால் ஜனங்கள் மழையில் நின்றார்கள். சாவி வேதாசலத்தின் அரைஞாண் கயிற்றில் இருந்தது, அவர் இரண்டு தென்னை உயரத்தில் இருந்தார்.

வஹாபின் மகள் ஷாஹீதா வந்து கூப்பிட்டதும் சுலோச்சனா மேடைக்கு அடியில் ஓடினாள்.

"இன்னாங்க, வஹாப் பாய் பூட்டாரு. கேட்டாண்ட தூக்கிக்கினு நிக்கிறாங்க. சாவியைப் போடுங்க."

மைக் கொஞ்சம் இரைந்தது. மறைந்த வஹாப் எல்லா மதத்துக்கும் பொதுவான மனிதர், இதை உணர்ச்சிவசப்படாமல் அமர்ந்து பேசித் தீர்க்க ஒரு துணைக்குழு அமைக்கப்படும் என்றார் வேதாசலம். மேடை நாலு முழம் ஏறியது. சாவியைக் குடுப்பா என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்து ரஹமத்துல்லா சொல்லியிருக்கலாம், செத்தவர் அவர் ஜமாத்து ஆள். அவரோ மரணத்தின் முன் மனிதர் யாவரும் சமம் என்றார். பாஸ்டர் ஆமென் என்றார். இன்னும் ஒரு பனை ஏறியது. பிறகு கூடை இறங்கி வந்தது. சுலோச்சனா ஆசையாகக் கையை விட்டாள். உள்ளே இறந்தவருக்குப் போர்த்தச் சொல்லி ஒரு பொன்னாடை இருந்தது. அதை உதறிப் பார்த்தாள், சாவி இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேல் மட்டும் அல்ல. கேட் போட்ட அன்றைக்கு அவளும்தான் வாயை மூடிக்கொண்டு காபி கலந்து கொடுத்தாள். வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து பூட்டை நெம்பினாள். மூன்றாவது நெம்பில் கொக்கியோடு பிய்ந்து வந்தது. சந்தூக்கு அவளைத் தாண்டிப் போகும்போது, "தப்பு எங்க மேல கீது பாய், மன்னிச்சுக்கோ," என்றாள். அதற்காக அங்கே எதுவும் எழும்பவில்லை. மழையில் காலடி மண் இளகியிருந்தது, அவள் கணுக்கால் வரை புதைந்து நின்றாள். வஹாபை சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள்.

அதற்கு அப்புறம் மூன்று வருஷம் போய்விட்டது. கேட்டை எடைக்குப் போட்டாயிற்று, கல் தூண்களில் எருமை கட்டுகிறார்கள். மேடை இப்போது ஏழு பனை உயரத்தில் நிற்கிறது. கயிறு எட்டாததால் வயலுக்கு மருந்தடிக்கும் டிரோனில் சாப்பாடு போகிறது. வெளிநாட்டிலிருந்து இரண்டு குழு வந்து பைனாகுலரில் பார்த்து, உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்லி, ஒரு விருதையும் அதே டிரோனில் அனுப்பிவைத்தன.

போன சித்திரையில் மட்டும் ஒருநாள் மைக்கில் வேதாசலத்தின் குரல் கம்மலாகக் கேட்டது. "சுலோ, எனக்கு வூட்டுக்கு வரணும் போல கீது." மேடை ஒரே மூச்சில் மூன்று பனை இறங்கியது. விளிம்பில் குனிந்தவருடைய வழுக்கையைக்கூடக் கீழேயிருந்து பார்க்க முடிந்தது. சுலோச்சனா கையிலிருந்த களைக்கொத்தியைப் போட்டுவிட்டு, "கேட்டு போட்டது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க," என்றாள். மைக் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டது. அப்புறம், கடந்தகாலக் கசப்புகளை மறந்து புதியதோர் உலகம் படைப்போம் என்றது. மேடை விட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அப்பன் தொழிலை இப்போது ஷாஹீதாதான் பார்க்கிறாள். மறுநாள் மோட்டாருக்குக் காயில் கட்ட வந்தவள், மேலே இருக்கிறவர் இறங்கவே மாட்டாரா என்று மெதுவாகக் கேட்டாள்.

"எறங்காங்காட்டி போவட்டும்," என்றாள் சுலோச்சனா. "நெழலு நல்லாத்தான் கீது."

அது உண்மைதான். உச்சி வெயிலில் நடவு ஆட்கள் அந்த நிழலில்தான் சாப்பிடுகிறார்கள். டவுன் பஸ்ஸும் அங்கே நிற்கிறது. உத்திரமேரூரிலிருந்து மேடை நிழலுக்கு ஆண்களுக்கு டிக்கெட் பத்து ரூபாய், பெண்களுக்கு இலவசம்.